மேட்ச் ஃபீ தருகிறோம் என்று வேறு கிளப் கூப்பிடுகிறது, போகலாமா?

கேள்வி: வயது 24. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன், ஏழாவது இடத்தில் பேட்டிங்கும் வரும். பள்ளி நாளிலிருந்து ஒரே கிளப்பில், சந்தா கட்டித்தான் ஆடுகிறேன். அதே லீக்கில் ஒரு டிவிஷன் மேலே இருக்கும் கிளப் ஒன்று, மேட்ச் ஒன்றுக்கு இவ்வளவு, பயணச் செலவு தனி, கிட்டும் (மட்டை, பேட் போன்ற ஆட்டச் சாமான்) வாங்கித் தருகிறோம் என்று கூப்பிடுகிறது. "எழுத்தில் எல்லாம் எதற்கு, நம்பிக்கைதானே?" என்கிறார் அவர்களுடைய செயலாளர். எங்கள் செயலாளரோ கிளியரன்ஸ், அதாவது வேறு கிளப்புக்கு மாறச் சம்மதக் கடிதம், தர முடியாது என்கிறார். பணம் வாங்கி ஆடுவது தவறா? இவரால் என்னைத் தடுக்க முடியுமா? போகலாமா?

பதில்:

நீங்கள் கேட்டிருக்கும் மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்காமல் விட்ட ஒன்றை முதலில் அந்தச் செயலாளரிடம் கேட்டிருக்க வேண்டும்: இந்தப் பணம் யாருடையது?

முதலில் மனசாட்சிக் கணக்கைத் தீர்த்துவிடுவோம். இங்கிலாந்து முதல்தரக் கிரிக்கெட்டில் காசு வாங்காத அமெச்சூர், சம்பளம் வாங்கும் புரொஃபெஷனல் என்ற பிரிவினை 1962 வரை இருந்தது. ஸ்கோர் அட்டையில்கூட அமெச்சூரின் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், புரொஃபெஷனலுடையது பின்னால் வரும். இத்தனை ஆசாரத்துக்கு நடுவே, அமெச்சூர்களின் தலைமகன் டபிள்யூ. ஜி. கிரேஸ் 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வாங்கிக்கொண்டது 1,500 பவுண்டு. அதே அணியில் போன புரொஃபெஷனல்களுக்குத் தலைக்கு 170. ஆகவே ஒரு மேட்ச் ஃபீ வாங்குவதற்காக நீங்கள் கூச வேண்டியதில்லை.

கூச்சம் வேறு, லீக் விதி வேறு. சில லீக்குகளில் ஆடுவதற்குப் பணம் தருவதே குற்றம். சிலவற்றில் கிளப்புக்கு ஒருவருக்கு மட்டும் தரலாம். 1892இல் தொடங்கிய லங்காஷயர் லீக் இந்த ஒற்றைப் புரொஃபெஷனல் முறைக்குப் பெயர்போனது. இன்னும் சில இடங்களில் கட்டுப்பாடு வரிச்சட்டத்தின் வழியாக வரும். பிரிட்டனில் சமூக அமெச்சூர் கிளப் என்று வரிச்சலுகை பெற்ற ஒரு சங்கம், எல்லா ஆட்டக்காரர்களுக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது.

உங்கள் லீக் இவற்றில் எந்த வகை என்பதை விதிப்புத்தகத்தில் நீங்களே படித்துப் பாருங்கள், அந்தச் செயலாளர் வாயால் கேட்டுக்கொள்ள வேண்டாம். தடை உள்ள இடங்களில் பணம் வேடம் போட்டு வரும்: சிறுவர் பயிற்சியாளர் சம்பளம், மைதானப் பராமரிப்புக் கூலி, பயணப்படி. பேருந்துக்கு ஆனதை வாங்கினால் அது பயணச் செலவு. ஆனதைப் போல ஐந்து மடங்கு வாங்கினால், ரசீதில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் அது மேட்ச் ஃபீதான். அகப்பட்டால் கிளப் புள்ளிகளை இழக்கும், நீங்கள் இடைநீக்கத்தில் உட்காருவீர்கள். கிளப்புக்கு அடுத்த ஆண்டு வேறொரு ஸ்பின்னர் கிடைப்பார்.

இனி பணத்தின் ஊற்றுக்கு வருவோம். உள்ளூர் கிரிக்கெட் பணம் சம்பாதிக்கிற விளையாட்டு அல்ல. டிக்கெட் இல்லை, ஒளிபரப்பு உரிமை இல்லை. விதிவிலக்காகச் சொல்லத்தக்கது, மேலே சொன்ன லங்காஷயர் லீக்கின் நெல்சன் கிளப். வெஸ்ட் இண்டீஸ் ஆல்ரவுண்டர் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் 1937 வரை அங்கே ஒன்பது பருவம் ஆடினார், அதில் ஏழு முறை நெல்சன் லீக்கை வென்றது. அவரைப் பார்க்கக் கூட்டம் வாசலில் காசு கொடுத்து உள்ளே வந்தது. அந்தக் காசே அவர் சம்பளத்தைத் தாங்கியது. அந்த லீக்கில் ஒருவர் அரைசதம் அடித்தால் பார்வையாளர்களிடையே பெட்டி சுற்றி வந்து நாணயம் திரட்டுவதும் வழக்கம். கொடுப்பவர் யார், எதற்குக் கொடுக்கிறார் என்பது அங்கே வெட்டவெளிச்சம்.

இன்று உங்களைக் கூப்பிடும் கிளப்பின் மேட்ச்சைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள்? ஆடுகிறவர்களின் வீட்டார், ஒரு ஸ்கோரர், பந்து பொறுக்கும் நாலு பையன்கள். அப்படியானால் உங்கள் ஃபீ மைதானத்திலிருந்து வரவில்லை, யாரோ ஒருவர் பையிலிருந்து வருகிறது.

பெரும்பாலும் அது ஒற்றை மனிதர். முன்னாள் ஆட்டக்காரர், தொழிலில் நன்றாக வந்தவர், கிளப் மேல் பாசம் கொண்டவர். நல்லவராகவே இருப்பார். ஆனால் அவர் மகனை அணியிலிருந்து எடுத்த வாரமோ, கேப்டனோடு அவருக்கு முட்டிக்கொண்ட வாரமோ பணம் நின்றுவிடும். பணத்துக்கு ஆள் சேர்த்த அணிகள் ஒரே பருவத்தில் கலைந்து, இரண்டு டிவிஷன் கீழே போனதை லீக் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நிறுவனம் ஸ்பான்சர் செய்தால் கொஞ்சம் தேவலாம், ஆண்டுக் கணக்காவது இருக்கும். மூன்றாவது வகைதான் எனக்குப் பிடிக்காதது: உறுப்பினர் சந்தாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது. உங்களோடு உடை மாற்றும் பத்துப் பேர் தங்கள் காசில் உங்களுக்குச் சம்பளம் போடுகிறார்கள் என்று பொருள். ஒரு கேட்ச்சை விட்டுப் பாருங்கள், அந்த அறையின் வெப்பம் தெரியும்.

நாலாவதும் ஒன்று உண்டு. யார் தருகிறார் என்றே தெரியாது, தொகை மட்டும் கொழுத்திருக்கும், எல்லா மேட்ச்சும் இணையத்தில் நேரலை என்பார்கள். 2020இல் 'ஊவா டி20' என்று இலங்கையில் நடப்பதாகக் காட்டப்பட்ட ஒரு தொடர், உண்மையில் பஞ்சாபில் மொகாலி பக்கத்து மைதானம் ஒன்றில் ஆடப்பட்டது. சூதாட்டத்துக்காகப் புனையப்பட்ட போலித் தொடர் அது. உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு அந்த ரகமாகத் தெரியவில்லை. ஆனாலும் கொடுப்பவர் பெயரைச் சொல்லத் தயங்கினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஊற்று சுத்தம் என்றே வையுங்கள். "மேட்ச் ஒன்றுக்கு" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? மேட்ச்சுக்கு 100 என்று கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் 18 ஆட்டம், ஆக 1,800 என்று மனம் கூட்டிக்கொள்ளும். மழையில் நாலு போகும். வீட்டு விசேஷம், வேலை என்று இரண்டு. காயத்தில் இரண்டு. மிஞ்சுவது 10, அதாவது 1,000. வாரம் இரண்டு நாள் நெட்ஸ் பயிற்சிக்குப் போய்வரும் செலவை இதிலிருந்து கழியுங்கள். பயணச் செலவு மேட்ச் நாளுக்கு மட்டும்தான் என்று பிறகுதான் சொல்வார்கள். டாஸ் போட்டபின் மழை வந்தால் ஃபீ உண்டா? பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்தால்? ஆகவே தொகையைக் கூட்டிக் கேட்பதைவிட வடிவத்தை மாற்றிக் கேளுங்கள்: பருவத்துக்கு இவ்வளவு, பாதி முதல் மேட்ச்சுக்கு முன்னால், மீதி நடுப்பருவத்தில். கடைசி மேட்ச் முடிந்தபின் தருகிறோம் என்ற பணத்தை வரவில் எழுதாதீர்கள்.

இவையெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வக்கீல் வேண்டாம். கிளப் தாளில் ஒரு பக்கம்: எந்தப் பருவம், எவ்வளவு, எந்தத் தேதிகளில், மழையானால் என்ன, காயமானால் என்ன, மருத்துவச் செலவு யாருடையது, கிட் பருவம் முடிந்ததும் யாருக்கு. செயலாளரும் பொருளாளரும் கையெழுத்துப் போடட்டும். பொருளாளர் முக்கியம். அவர் கையெழுத்திட மறுத்தால், கிளப் கணக்கில் இந்தப் பணம் இல்லை என்று புரிந்துகொள்ளலாம். நம்பிக்கை இருப்பவருக்கு ஒரு பக்கம் எழுத என்ன தடை?

அடுத்து கிளியரன்ஸ். இது உங்களைக் கட்டிப்போடும் கயிறு என்று உங்கள் செயலாளர் நினைக்கிறார், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலான லீக்குகளில் பழைய கிளப் மறுப்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். சந்தா பாக்கி, திருப்பித் தராத கிளப் சாமான், முடியாத ஒழுங்கு நடவடிக்கை, இவைதாம் வழக்கமாக எடுபடும் காரணங்கள். 'நல்ல பௌலர், விட மனமில்லை' என்பது செல்லாது. உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை, நீங்கள் சந்தா கட்டும் உறுப்பினர். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் வாரியங்களை மீறி நடத்திய தொடருக்குப் போனவர்களுக்கு ஐசிசியும் இங்கிலாந்து வாரியமும் தடை போட்டபோது, இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன் டோனி கிரெய்க் உள்ளிட்ட மூவர் வழக்குத் தொடுத்தார்கள். தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதால் அந்தத் தடை செல்லாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. உள்ளூர் லீக்குக்காக நீங்கள் நீதிமன்றம் ஏறப் போவதில்லை. லீக்கின் பதிவுக் குழுவுக்கு ஒரு கடிதம் போதும்.

செய்ய வேண்டியது இதுதான். பாக்கியைக் கட்டி ரசீது வாங்குங்கள். விலகலை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் நகலோடு பதிவுக் குழுவுக்கு எழுதுங்கள். எல்லாம் பதிவுக் கெடு முடிவதற்கு முன்னால் நடக்க வேண்டும். மறுக்கத் தெம்பில்லாத செயலாளர்கள் கடிதத்தை மேசையில் போட்டுக் கெடுவைத் தாண்டவைப்பார்கள், அது பழைய வித்தை. இன்னொன்று: கிளியரன்ஸ் கைக்கு வரும்வரை புதிய கிளப்பின் பதிவுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். 'சும்மா போட்டு வையுங்கள், தேதி பிறகு எழுதிக்கொள்கிறோம்' என்பார்கள். ஒரே பருவத்தில் இரண்டு கிளப்புக்குக் கையெழுத்திட்டவர் இரண்டிலும் ஆட முடியாமல் போவதுதான் வழக்கம்.

வரி, காப்பீடு இரண்டும் சுருக்கமாக. மேட்ச் ஃபீ வருமானம்தான், கணக்கில் காட்டுங்கள். லீக் எடுத்திருக்கும் விபத்துக் காப்பீடு காசு வாங்கி ஆடுபவருக்கும் செல்லுமா என்று கேளுங்கள், சில பாலிசிகள் அமெச்சூருக்கு மட்டும்தான். பின்னாளில் வெளிநாட்டுக் கிளப் கூப்பிட்டால், பார்வையாளர் விசாவில் போய்ப் பணம் வாங்கி ஆடுவது விசா மீறலாகிவிடும். இலவசத் தங்குமிடத்தைக்கூட ஊதியமாகக் கருதும் நாடுகள் உண்டு.

இனி, போகலாமா என்பது. உங்களைக் கூப்பிட்டவர் செயலாளர். உங்கள் கையில் பந்தைக் கொடுக்கப் போகிறவர் கேப்டன். அவரோடு நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. சுழற்பந்து வீச்சாளருக்கு இது உயிர்நாடி. மேல் டிவிஷன் அணிகளில் பலவற்றில் ஸ்பின்னர் என்பவர் மற்றவர்கள் களைத்தபின் மூன்று ஓவர் போடும் ஆள். அவர்களிடம் ஏற்கெனவே இடக்கைச் சுழல் இருக்கிறதா? சொந்த மைதானம் புல் விக்கெட்டா, பாய் விரித்த விக்கெட்டா? எல்லைக்கோடு எவ்வளவு தூரம்? போன பருவ ஸ்கோர் அட்டைகளை எடுத்து, அவர்களுடைய ஸ்பின்னர்கள் மேட்ச்சுக்குச் சராசரியாக எத்தனை ஓவர் போட்டார்கள் என்று எண்ணுங்கள். அரை நாள் வேலைதான், செயலாளரின் ஒரு மணி நேரப் பேச்சைவிட அது அதிகம் சொல்லும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: கேப்டன் உங்களைப் பத்து ஓவர் போடும் ஆளாகப் பார்க்கிறார் என்றால், பணம் பாதியாக இருந்தாலும் போங்கள். 24 வயதில் மேல் டிவிஷன் பேட்டர்களுக்குப் பந்து போடுவது, மேட்ச் ஃபீயைவிடப் பெறுமதியானது. அவர் மழுப்பினால், பணம் இரட்டிப்பாக இருந்தாலும் இருக்கும் இடத்திலேயே இன்னொரு பருவம் ஆடுங்கள். இந்த அழைப்பைக் காட்டி உங்கள் கிளப்பிடம் பணம் கேட்க மட்டும் வேண்டாம். அவர்களிடம் இல்லை. மூத்தவர் யாராவது கைக்காசைப் போட்டுத் தந்தாலும், மேலே மூன்றாவதாகச் சொன்ன அறைக்குள் நீங்களே போய் உட்காருவதாகிவிடும்.

போவது முடிவானால், செயலாளருக்குக் கடிதம் போகும் முன் உங்கள் கேப்டனிடம் நேரில் சொல்லிவிடுங்கள். கிளப் கிட் பேக், சீருடை, மைதானச் சாவி ஏதாவது உங்களிடம் இருந்தால் அன்றைக்கே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். கிளியரன்ஸை நிறுத்திவைக்க ஒரு ஹெல்மெட் போதும்.