பதில்: டெட்டா சேர்த்து வார்த்த எபாக்சி மூலையில் விரிசல் விடுகிறது

வணக்கம். எல்.இ.டி. டிரைவர் பலகையை டெட்டா (TETA, பிசினை இறுகவைக்கும் ஓர் அமீன்) ஹார்டனர் கலந்த எபாக்சியில் மூழ்கடித்தீர்கள், மூலைகளில் விரிசல். ஹார்டனரைக் கூட்டினால் வளையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். மிஞ்சும் அமீன் வினைபுரியாமல் கிடக்கும். மேலே பிசுபிசுக்கும், ஈரத்தையும் இழுக்கும்.

டெட்டா குட்டி மூலக்கூறு, ஆனால் பிசினோடு வினைபுரிந்து பிணையும் ஹைட்ரஜன் ஆறு. வலை நெருக்கமாகப் பின்னிக்கொள்வதால் பிசின் கண்ணாடிபோல் நொறுங்குகிறது. இறுகும்போது சூடும் அதிகம். ஆறுகையில் சுருங்கி மூலையில் இழுக்கும்.

ஹார்டனரையே மாற்றுங்கள்: நீளமான, வளையும் சங்கிலி கொண்ட பாலிஈதர் அமீன். டி-230, டி-400 என்று அதில் வகைகள் உண்டு. 100 பங்கு பிசினுக்கு டி-230 என்றால் சுமார் 32, டி-400 என்றால் சுமார் 60 பங்கு, எடைக்கணக்கில். (பிசினின் எபாக்சி சமான எடை, அதாவது ஒரு மோல் எபாக்சி தொகுதி உள்ள பிசினின் கிராம் எடை, 190 என்று வைத்திருக்கிறேன், உங்கள் டப்பாவுக்கான தகவல் தாளைப் பாருங்கள்.) டி-400-இன் சங்கிலி நீளம், நன்றாக வளையும், ஆனால் 50 டிகிரி வாக்கிலேயே மென்மையாகிவிடும். டிரைவரோ சூடாகும் சாமான், நானாக இருந்தால் டி-230தான். மெதுவாகத்தான் இறுகும். ஓர் இரவு விட்டுவிட்டு, அப்புறம் 80 டிகிரியில் 2-3 மணி நேரம் வையுங்கள்.

அப்போதும் விரிசல் விட்டால், சிடிபிஎன் (CTBN) என்ற திரவ ரப்பருடன் முன்பே வினைபுரிய வைத்த பிசினைக் கொஞ்சம் கலக்கலாம். ரப்பர் மைக்ரான் அளவுத் துளிகளாகப் பிரிந்து நின்று, ஓடிவரும் விரிசலை மறிக்கும். அந்தப் பிசினின் சமான எடை வேறு, ஹார்டனர் அளவை மறுபடி கணக்குப் போடுங்கள்.