வயலை விற்பதற்கு முன் மகளிடம் கேளுங்கள்

போன வாரம் ஓர் அப்பா மகளோடு வந்திருந்தார். இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. வயலை விற்றாவது வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடு என்று மச்சான் நெருக்குகிறாராம், வயலுக்கு முன்பணமும் வாங்கியாகிவிட்டது. உனக்கு என்னம்மா பிடிக்கும் என்று கேட்டேன். "உடம்புல இருக்கற செல்லுக்குள்ள செய்தி எப்படிப் போகுதுன்னு படிக்கப் பிடிக்கும் சார். கணக்கும் பிடிக்கும்" என்றாள்.

ஐயா, வயலை விற்காதீர்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வில் தேறுபவர்களைவிடத் தேறாதவர்கள்தான் அதிகம். நர்சிங், பார்மசி பற்றி ஊரில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், விடுகிறேன். உங்கள் மகள் சொன்னதற்குப் பெயர் கணினி உயிரியல், செல்லுக்குள் நடப்பதைக் கணக்காக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் படிப்பு.

வளரச் சொல்லும் செய்தி செல்லின் மேலுள்ள இஜிஎஃப்ஆர் புரதத்துக்கு வரும். அங்கிருந்து ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் ஒன்று அடுத்ததை எழுப்பி உட்கருவரை கொண்டுபோகும். பிராஃப் என்ற ராஃப் புரதம் கெட்டுப்போன மெலனோமா தோல் புற்றுநோய்க்கு, அதை அடைக்கும் வெமுராஃபெனிப் மருந்து 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே கோளாறுள்ள பெருங்குடல் புற்றுநோயில் அந்த மருந்து தனியாக எடுபடவில்லை. கீழே அடைத்ததும் மேலே இஜிஎஃப்ஆர் முடுக்கிக்கொண்டது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் வேறு பக்கம் உடைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டையும் சேர்த்து அடைக்கும் மருந்துக் கூட்டு 2020-இல் அங்கே அனுமதி பெற்றது.

இப்படிப் பின்னிக் கிடக்கும் செய்திப் பாதைகளின் வலையை வரைந்து பார்க்க சைட்டோஸ்கேப், செல்டிசைனர் என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு புரதத்தைப் பாதியாகக் குறைத்தால் மற்றவை எந்த வேகத்தில் மாறும் என்பதைச் சமன்பாடுகளாக ஓட்டிப் பார்க்க கோபாசி. பாதைகளின் வரைபடங்களுக்கு, ஜப்பானின் கியோட்டோவில் 1995-இல் தொடங்கிய கெக் தளம். மாணவர் கற்றுக்கொள்ள இவற்றுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சாதாரண மடிக்கணினி போதும்.

சரி, வேலை? பி.எஸ்சி.யோடு நின்றால் கடினம், மறைக்க மாட்டேன். உயிர்வேதியியலோ பயோடெக்னாலஜியோ எடுத்து, கூடவே பைத்தானும் புள்ளியியலும் படித்து, ஜாம் அல்லது கேட்-பி தேர்வு வழியாக எம்.எஸ்சி. போக வேண்டும். கேட்-பி வழியில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் படிப்புகளுக்கு உதவித்தொகை உண்டு. ஆறு மாதச் சான்றிதழுக்கு லட்ச ரூபாய் கேட்பவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

அப்புறம், மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். படிக்கப்போகிறவளிடமே கேட்டாகிவிட்டது என்று சொல்லுங்கள். முன்பணத்தை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.