‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்ற கியர் ஒயில் மலைப்பாதைக்கும் பொருந்துமா?

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார்: “என்னுடையது 2013ஆம் ஆண்டு டொயோட்டா அக்ஸியோ. ஹைபிரிட் அல்ல, ஒட்டோ கியர். மீற்றரில் 84,000 கிலோமீற்றர் காட்டுகிறது. தினமும் நுவரெலியாவிலுள்ள பாடசாலைக்குப் போய் வருகிறேன். கியர் ஒயிலை ஆயுளுக்கும் தொடத் தேவையில்லை என்கிறார் ஒரு பாஸ் (கராஜ் மெக்கானிக்). மெஷின் போட்டுக் கழுவி எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். காலையில் ‘டி’யில் போட்டதும் வண்டி சற்று யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. என்ன செய்வது?”

இருவர் பேச்சையும் விட்டுவிடுங்கள், டீச்சர். ஒயிலை மாற்றுங்கள், மெஷின் வேண்டாம்.

தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியா சுமார் 1,870 மீற்றரில். ஒவ்வொரு காலையும் உங்கள் வண்டி அறுநூறு மீற்றருக்கு மேல் ஏறுகிறது. அதுவும் கொழுந்து லொறிக்குப் பின்னால் ஊர்ந்தபடி ஏறும்போது சுமை அதிகம், முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு. ஒட்டோ கியரில் ஒயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அழுத்தத்தைக் கடத்துவதும், கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிக்க உதவுவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதன் வேலைதான். அந்தச் சூடே அதைக் கெடுக்கவும் செய்கிறது. ஜப்பானிய நிறுவனங்களின் பராமரிப்புக் கையேடுகளே ஏற்ற இறக்கம் மிகுந்த ஓட்டத்தைக் கடுமையான பயன்பாடு என்று தனியாகப் பிரித்து, அதற்குக் குறுகிய தவணை சொல்கின்றன. சமதரையில் ஓடும் கொழும்பு வண்டிக்குப் பொருந்தும் பேச்சு நமக்குப் பொருந்தாது. மலையிலேயே ஓடும் வண்டிக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது என் கணக்கு. இறக்குமதி வண்டியின் மீற்றரை நான் நம்புவதில்லை. மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு கையில் இல்லையென்றால், மாற்றவேயில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எந்த ஒயில் என்பது. உங்கள் வண்டியில் இருப்பது சி.வி.டி. இரண்டு கப்பிகளுக்கு நடுவே உருக்குப் பட்டை ஓடும் கியர்பெட்டி அது. அதற்கு டொயோட்டாவின் சி.வி.டி. ஃப்ளூயிட் எஃப்.ஈ. தேவை. பழைய கொரோலாவுக்கு ஊற்றும் டைப் டி-4, பல புதிய ஒட்டோ வண்டிகளுக்கான டபிள்யூ.எஸ். ஆகியவை கடையில் பக்கத்திலேயே இருக்கும், விலையும் குறைவாக இருக்கலாம். அவற்றை ஊற்றினால் பட்டை வழுக்கத் தொடங்கும். பிறகு கியர்பெட்டியையே மாற்றத்தான் காசு சேர்க்க வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று எழுதிய கலன்களை என் கராஜுக்குள் நான் விடுவதில்லை.

மாற்றும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றினால் கொஞ்சம் ஒயில் வடிந்து நின்றுவிடும். ‘இவ்வளவுதான் இருந்தது’ என்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் துளைக்குள்ளே ஒரு சிறு குழாய் நிற்கிறது. அளவு பார்ப்பதற்கென்றே வைத்தது அது. அதையும் கழற்றினால்தான் மீதி வடியும். வடிந்ததை அளவுக் குடுவையில் அளந்து, அதே அளவைத் திரும்ப ஊற்ற வேண்டும். பொதுவாக மூன்று முதல் நான்கு லீற்றர் வரும். ஆனால் கியர்பெட்டியின் மொத்தக் கொள்ளளவு அதைப்போல இரு மடங்கு இருக்கும். ஆகவே ஒருமுறை மாற்றினால் பாதிதான் புதிது. ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றினால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புதிதாகிவிடும். நீண்ட காலம் தொடப்படாத கியர்பெட்டியில் மெஷினை மாட்டி ஒரே மூச்சில் கழுவுவதைவிட இந்த மெதுவான வழியே எனக்குப் பிடித்தது. அடிச்சட்டியைக் கழற்றினால் காந்தங்களைப் பாருங்கள். கிரீஸ் போன்ற சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் உலோகச் சிராய்கள் இருந்தால் அது வேறு கதை.

கடைசியாக அளவு பார்ப்பது. என்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி ‘பி’க்குக் கொண்டுவந்து, கியர் ஒயிலின் சூடு 40 பாகையை ஒட்டி வரும்போது போல்ட்டைத் திறக்க வேண்டும். மிஞ்சியது வழிந்து, ஒழுக்கு சொட்டாகும்போது புதிய வாஷர் போட்டு மூட வேண்டும். சூட்டைக் கையால் தொட்டுச் சொல்லும் பாஸிடம் வண்டியை விடாதீர்கள். ஸ்கேனரில் படிக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நுவரெலியாவின் ஒரு மார்கழிக் காலை, கையை வாயால் ஊதிச் சூடேற்றும் குளிர். அவசரத்தில் ஒயில் சூடாகும்வரை காத்திராமல் அளவு பார்த்தேன். குளிரில் ஒயில் சுருங்கியிருக்கும். ஆகவே வழியும்வரை ஊற்றியது உண்மையில் அதிகம். அன்று மாலை றம்பொடை ஏற்றத்தில் அது சூடேறி விரிந்து, நுரைத்து, மூச்சுத் துளை வழியே கக்கி, எக்சோஸ்டில் பட்டுப் புகைந்தது. வாடிக்கையாளர் பயந்துபோய் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு என்னை அழைத்தார்.

இன்னொன்று: வண்டி நிற்கும் இடம் சமதரையாக இருக்க வேண்டும். நமது ஊர்க் கராஜ் முற்றங்கள் பாதி சரிவில்தான் இருக்கின்றன. சரிவில் நிறுத்தி, முன்பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கிப் பார்க்கும் அளவு அளவே அல்ல. நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் உயரும் லிஃப்ட் இருக்கும் இடத்துக்குப் போங்கள், ஹட்டன் வரை போக வேண்டியிருந்தாலும் சரி.

அந்தக் காலைத் தயக்கம்? குளிரில் தடித்த ஒயிலால் ஒரு விநாடி தாமதம் வருவதுண்டு. வண்டி சூடான பிறகும், பாடசாலை விட்டுத் திரும்பும் மாலையிலும் அது இருந்தால் ஒயில் குறைவு அல்லது உள்ளே தேய்மானம். முதல் முறை மாற்றிய பிறகு ஒரு வாரம் கவனியுங்கள், இரவில் வண்டிக்கு அடியில் ஒரு கார்ட்போர்டு துண்டை விரித்து வையுங்கள். காலையில் அதில் சொட்டு இல்லாமல், மாலைத் தயக்கமும் குறையாமல் இருந்தால், இரண்டாம் முறைக்கு ஒயில் வாங்குமுன் கியர்பெட்டியின் அழுத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.