இசையமைப்பாளர் இல்லாத நாடகம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஸ்காட்லாந்துக் கவிஞர் ஆலன் ராம்சேயின் ‘தி ஜென்டில் ஷெப்பர்ட்’ நாடகம் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, அதன் பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். ஒரு பதிவில் குரலும் ஃபிடிலும் மட்டும். இன்னொன்றில் ஹார்ப்சிகார்டு (பியானோவுக்கு முந்தைய வாத்தியம்), செல்லோ என்று கச்சேரியே நடக்கிறது. ஒரே பாட்டு என்று நம்ப முடியவில்லை. இசையமைத்தவர் யார்? எது அசல்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இசையமைத்தவர் என்று யாரும் கிடையாது. ராம்சே எடின்பரோவில் விக் செய்து விற்றவர், பிறகு புத்தகக்கடை வைத்தவர். ஊர் பாடிக்கொண்டிருந்த பழைய மெட்டுக்குப் புதுச் சொல் போடுவார். பாட்டின் தலைப்பில் மெட்டின் பெயர் மட்டும் இருக்கும். ‘மை பெகி இஸ் எ யங் திங்’ பாட்டுக்கு மெட்டு, ‘தி வாக்கிங் ஆஃப் தி ஃபால்ட்’. ஆட்டுப்பட்டிக்கு இராக்காவல் இருப்பது என்று பொருள். படிப்பவருக்கு அந்தப் பெயர் போதும், மெட்டு காதில் ஓடிவிடும்.

1725இல் நாடகம் வந்தபோது அதில் நான்கே பாட்டுகள். ஆனால் பேச்சுக்குள் இசை நிறைய இருந்தது. இரண்டாம் அங்கத்தில் நாயகனான இடையன் பேட்டி, ஊர்ப்பெண்களில் யார் எதை நன்றாகப் பாடுவாள் என்று வரிசையாகச் சொல்கிறான்: ஜென்னிக்கு ‘புரூம் ஆஃப் கௌடன்னோஸ்’, நான்ஸுக்கு ‘ஜென்னி நெட்டில்ஸ்’, மேரியனுக்கு ‘மேகி லாடர்’. கடைசியில் எல்லோரையும் மிஞ்சுபவளாகத் தன் காதலி பெகியைச் சொல்கிறான். மேடையில் யாரும் வாய் திறந்து பாடவில்லை. ஆனாலும் சபையில் இருந்தவர்களுக்கு அத்தனை மெட்டும் கேட்டிருக்கும். எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பிறகு லண்டனில் 1728இல், தெரிந்த மெட்டுகளுக்குப் புதுச் சொல் போட்ட பாட்டு நாடகமான ‘பெக்கர்ஸ் ஆபெரா’ சக்கைப்போடு போட்டது. அந்த அலை எடின்பரோவுக்கும் வந்தது. ஹேடிங்டன் இலக்கணப் பள்ளிப் பையன்கள் 1729இல் ராம்சேயின் நாடகத்தை எடின்பரோவில் நடித்தார்கள். அவர்களுக்காகவே ராம்சே பாட்டுகளைப் பெருக்கினார், இருபதைத் தாண்டியது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ‘ஜென்னி முறுக்கிக்கொண்டால் நீயும் கண்டுகொள்ளாதே’ என்று பேட்டி, ஜென்னியை விரும்பும் தன் நண்பன் ரோஜருக்குப் பேச்சிலேயே அழகாகச் சொல்லிவிடுகிறான். சொல்லி முடித்ததையே பாட்டாகவும் பாடும்போது காட்சி நின்றுவிடுகிறது. பையன்களுக்குப் பாட ஆசை, என்ன செய்வது!

லண்டன்காரர்கள் செய்தது வேறு. 1730இல் நடிகர் தியோஃபிலஸ் சிப்பர் நாடகத்தை ஒரே அங்கமாகச் சுருக்கி, ஸ்காட் பேச்சை ஆங்கிலமாக்கினார். 1781இல் ட்ரூரி லேன் அரங்குக்காகத் தாமஸ் லின்லி வாத்தியக்குழுவுக்கு ஏற்ப இசையை அமைத்தார். மெட்டு பிழைத்தது, பேச்சு போய்விட்டது. 1788இல் கிளாஸ்கோவில் ஃபௌலிஸ் அச்சகம் ஓவியர் டேவிட் ஆலனின் படங்களோடு ஒரு பதிப்புப் போட்டது. அதில் பாட்டுகளுக்கு இசைக்குறிப்பும் உண்டு. ஆனால் அது நாடகம் வந்து அறுபது வருடம் கழித்து எழுதிவைத்தது. அதையும் அசல் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதற்காக நீங்கள் கேட்ட ஹார்ப்சிகார்டைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். நாடகம் வந்த அதே 1725இல் வில்லியம் தாம்சன் லண்டனில் ஸ்காட் பாட்டுகளைத் துணைவாத்திய வரியோடு அச்சிட்டார். ராம்சேயின் சில வரிகளையும் அவரிடம் கேட்காமலே சேர்த்துக்கொண்டார்! பெரிய வீட்டுக் கூடங்களில் இவற்றை அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். பட்டிக் காவலுக்குப் போனவன் கையில் ஹார்ப்சிகார்டு இருந்திருக்காது, அவ்வளவுதான்.

‘மை பெகி’யை ஃபிடில் பதிவிலேயே இன்னொரு தரம் கேளுங்கள். ஒவ்வொரு கண்ணியும் அந்த இராக்காவலில் வந்துதான் முடியும்.