டெரிஞ்சர் பெயர் பொறித்த பழைய கைத்துப்பாக்கிகள் எல்லாம் அவருடைய பட்டறையில் செய்தவைதானா?

இல்லை. பழைய துப்பாக்கிகளில் இந்தப் பெயரைப் போல் களவாடப்பட்ட பெயர்கள் மிகக் குறைவு.

ஹென்றி டெரிஞ்சர் 1786-இல் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில், துப்பாக்கி செய்யும் தொழிலில் இருந்த ஜெர்மானியக் குடியேறி ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் பட்டறை அமைத்து அரசுக்கு நீள்துப்பாக்கிகள் செய்து கொடுத்துவந்த அவருக்கு, சட்டைப்பையில் அடங்கும் ஒற்றைக்குழல் கைத்துப்பாக்கிதான் பிற்காலத்தில் பெரும்பெயர் தந்தது. குழல்வாய் வழியாகக் கருமருந்தையும் ஈயக் குண்டையும் கெட்டித்து, பின்புறக் காம்பின்மேல் பாதரச ஃபுல்மினேட் அடங்கிய செப்புத் தொப்பியை மாட்டினால், சுத்தியல் விழுந்ததும் தீப்பொறி உள்ளே பாயும். நம் ஊர்த் தீபாவளிப் பொட்டு வெடியும் அடிபட்டால் வெடிக்கும் இதே வகைதான். சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில் இருப்பதுபோல் வெளியே மருந்துக் கிண்ணம் இல்லாததால், பையில் வைத்தாலும் மருந்து சிந்தாது, ஈரத்திலும் எளிதில் ஏமாற்றாது. ஒரு முறைதான் சுட முடியும் என்பதால் பெரும்பாலும் ஜோடியாகவே விற்றார்கள்.

இந்த அமைப்புக்கு டெரிஞ்சர் காப்புரிமை எடுக்கவில்லை. அதனால் கிரைடர், ட்ரையன், வுர்ஃப்லைன் போன்ற ஃபிலடெல்ஃபியாத் தொழிலாளர்கள் அதே பாணியில் செய்து, நேர்மையாகத் தங்கள் பெயரையே பொறித்தார்கள். எல்லோரும் அப்படி இருக்கவில்லை. டெரிஞ்சரிடம் வேலை பார்த்தவர்களே தொடங்கிய ஸ்லாட்டர் நிறுவனம், சான்ஃபிரான்சிஸ்கோ வணிகர் பிளேட்டுக்காக அவர் பெயரையே பொறித்துக் கொடுத்தது. இன்னொரு கூட்டத்தார் ஜான் டெரிஞ்சர் என்ற தையற்காரரைத் தேடிப்பிடித்து, அவர் பெயரைப் போட்டுச் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவப் பார்த்தார்கள் என்பதைப் படிக்கையில் சிரிப்புத்தான் வருகிறது. பிளேட் மீது தொடுத்த வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டப்படி வணிகமுத்திரையைப் பதிவு செய்யாவிட்டாலும் அதற்கு உரியவருக்கு உரிமை உண்டு என்று டெரிஞ்சர் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்க வணிகமுத்திரைச் சட்டத்தில் இது முக்கியமான முன்னோடித் தீர்ப்பு.

இதற்கிடையில் 1865 ஏப்ரல் 14 அன்று ஜான் வில்க்ஸ் பூத் லிங்கனைச் சுட்டது டெரிஞ்சர் துப்பாக்கியால்தான். அது இப்போது வாஷிங்டனின் ஃபோர்டு அரங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசல் துப்பாக்கியில் பூட்டுத் தகட்டிலும் (சுத்தியலை இயக்கும் பொறியைத் தாங்கும் பக்கத் தகடு) குழலின் பின்முனையிலும் அவர் பெயரும் சுருக்கிய ஊர்ப்பெயரும் இரண்டு வரிகளில் இருக்கும் என்றாலும், போலி செய்தவர்கள் முதலில் நகலெடுத்தது அதைத்தான் என்பதால், எழுத்து வெட்டப்பட்ட விதம், செதுக்கு வேலை, கைப்பிடியின் வளைவு ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மாறாக, நியூ ஆர்லியன்ஸின் ஹைட் அண்ட் குட்ரிச் போன்ற முகவர் பெயர் கூடுதலாக இருந்தால், அதை வைத்தே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்; அசல்களிலும் விற்றவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இருந்தது.

ஸ்லாட்டர் செய்தவற்றை வெறும் போலி என்று தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் திருட்டுதான், ஆனால் வேலை, அதே பட்டறையில் பழகிய கைகளுடையது.