துருவக் கடல்களுக்குப் பெயர் வைப்பது யார்? – கேள்வி பதில்

கடல் வரைபடங்களோடு 20 வருடம் குப்பை கொட்டியவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன். பனி உருகுவது பற்றி வேறு யாரையாவது கேளுங்கள்.

உப்புக்காற்று: கண்டுபிடித்தவர் பெயரைத்தானே கடலுக்கு வைப்பார்கள்?

அப்படி நம்பினால் ஏமாந்துபோவீர்கள். சீல் வேட்டைக்குப் போன ஜேம்ஸ் வெடல் 1823-இல் தெற்கே 74 டிகிரி தாண்டிப் போய், அந்தக் கடலுக்கு நான்காம் ஜார்ஜ் மன்னரின் பெயரை வைத்தார். ராஜா பெயர் நிலைக்கவில்லை. 1900-இல் கார்ல் ஃபிரிக்கர் என்பவர் ‘வெடல் கடல்’ என்றார், அது ஒட்டிக்கொண்டது. வடதுருவப் பக்கம் போன டச்சு மாலுமி பேரண்ட்ஸ் 1597-இல் செத்துப்போனார். கடல் அவர் பெயருக்கு வந்தது 1853-இல். ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள லாப்டேவ் கடல் இன்னும் வேடிக்கை. நார்டென்ஷோல்ட் கடல் என்றிருந்ததை 1935-இல் சோவியத் அரசு மாற்றி, 18-ஆம் நூற்றாண்டில் அந்தக் கரையை அளந்த இரண்டு லாப்டேவ்களுக்குக் கொடுத்துவிட்டது.

பனிக்கரடி: லிங்கன் கடல் ஆபிரகாம் லிங்கனுக்காகவா?

மகன் ராபர்ட்டுக்காக. 1881-இல் அங்கே போனது அமெரிக்க ராணுவத்தார். அப்போது போர்த்துறை மந்திரி அவர்தான். அப்புறம் என்ன!

கலங்கரை: பெயர் வைத்த நாட்டுக்கு அந்தக் கடல் சொந்தமா?

இல்லை. பெயர் பட்டா அல்ல.

திசைகாட்டி: அதிகாரபூர்வமாக யார் ஒப்புக்கொள்ள வேண்டும்?

மொனாக்கோவில் பன்னாட்டு நீர்ப்பரப்பு வரைபட அமைப்பு இருக்கிறது. கடல்களின் எல்லைகளைச் சொல்லும் அதன் சிறு புத்தகம் 1928-இல் வந்தது. கடைசிப் பதிப்பு 1953! புதிய பதிப்புக்கு 2002-இல் வரைவு தயாரானது. ஜப்பான் கடலா, கிழக்குக் கடலா என்று ஜப்பானும் கொரியாவும் மல்லுக்கு நின்றதில் அது முடங்கிப்போனது. ககாரின் விண்வெளிக்குப் போன அடுத்த வருடம், 1962-இல், ரஷ்யர்கள் அண்டார்க்டிகா ஓரத்தில் பெயர் வைத்த விண்வெளி வீரர்கள் கடல் அதனால் அந்தப் புத்தகத்தில் ஏறவே இல்லை.

தென்முனை: அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தெற்குப் பெருங்கடலை 2021-இலேயே அங்கீகரித்துவிட்டார்களே?

நேஷனல் ஜியாக்ரஃபிக் தன் வரைபடத்தில் போட்டுக்கொண்டது. அதைச் சொல்கிறீர்கள். மொனாக்கோ புத்தகத்தில் 1937-இல் இருந்த பெயர் அது, 1953-இல் எடுத்துவிட்டார்கள். 2000-இல் திரும்பவும் கருத்துக் கேட்டபோது 68 உறுப்பு நாடுகளில் பதில் போட்டவை 28. அவற்றில் பாதி 60 டிகிரி தெற்கை எல்லை என்றன. ஆஸ்திரேலியாவோ தன் தென்கரையிலிருந்தே தொடங்குகிறது என்கிறது.

தென்முனை: ஆய்வாளர்கள் எல்லோரும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். புத்தகம் எதற்கு?

சரி, இதில் நீங்கள் ஜெயித்தீர்கள். வெடலுக்கு நடந்ததும் அதுதானே? வாயில் புழங்கிய பிறகுதான் புத்தகத்தில் ஏறும். ஆனால் “அங்கீகரித்துவிட்டார்கள்” என்று எழுதும்போது யார் என்றும் எழுதுங்கள்.

அலைவரிசை: ராஸ் என்ற பிரிட்டிஷ் மாலுமி பெயரில் உள்ள அண்டார்க்டிகாவின் ராஸ் கடல் பிரிட்டனுக்குச் சொந்தமா?

பட்டா இல்லை என்று மேலே சொன்னேன். அந்தப் புத்தகத்தின் முன்னுரையே இந்த எல்லைகளுக்கு அரசியல் அர்த்தம் கிடையாது என்கிறது.

நங்கூரம்: நம் ஊர்ப் பெயர் எதுவும் கிடையாதா?

துருவக் கடல்களுக்கு இல்லை. கடலடி மலைகளுக்கு உண்டு, அதற்குத் தனிக் குழு. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் பெயரில் அரபிக்கடலுக்கு அடியில் ஒரு முகடு இருக்கிறது. 2024-இல் இந்தியப் பெருங்கடலின் அடியில் அசோகா, சந்திரகுப்த், கல்பதரு என்ற மூன்று பெயர்கள் ஏறின.

நங்கூரம்: அப்படியானால் அந்த மலைகள் இந்தியாவுக்கு...

பட்டா!