போதைக்கு இத்தனை பேச்சு வழக்குகள் எப்படி வந்தன?

‘மப்பு, சரக்கு, மட்டை எல்லாம் சினிமா கொண்டுவந்த சொற்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இந்த வரிசை ரொம்பப் பழசு.

திருக்குறள் 1281-ஐப் பாருங்கள். நினைத்தாலே களிப்பதும் கண்டாலே மகிழ்வதும் கள்ளுக்கு இல்லை, காமத்துக்கு உண்டு என்கிறது. இன்று நல்ல அர்த்தத்தில் சொல்லும் களிப்பும் மகிழ்ச்சியும் அன்று கள்ளோடு சேர்ந்தே புழங்கியவை. பிறகு வடமொழியிலிருந்து ‘லாகிரி’ வந்தது. மூலச்சொல் லஹரி, அதாவது அலை.

‘மப்பு’ எங்கள் ஊர்ப்பக்கம் வானத்துக்கும் சொல்வது. குற்றாலத்தில் சாரல் பிடிக்கும் முன் மலைமேல் மேகம் இறங்கி வெளிச்சம் மங்கும்போது, ‘மப்பும் மந்தாரமுமா இருக்கு’ என்பார்கள். கண் மங்கித் தலை கனத்தவனுக்கும் அதே சொல். எனக்கு மிகப் பொருத்தமாகப் படுவது இதுதான்.

உடன்குடிப் பனங்காட்டில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் புளித்துக் கள். இதை ஒளிக்காமல் பேசினார்கள். 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு பின்பு மாகாணம் முழுக்கப் பரவியது. மறைத்துப் பேசவேண்டிய இடத்தில் ‘தண்ணி’, ‘சரக்கு’ கைகொடுத்தன. கஞ்சாவுக்கு, மடித்துத் தரும் காகிதத்தை வைத்துப் ‘பொட்டலம்’.

அப்புறம், ‘மட்டையாயிட்டான்’ என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-க்குக் கூப்பிடுங்கள்.